ஊக்கு

ஜீப்பிலிருந்து இறங்கியதும் முதல் வேலை
இரும்பைக் கழற்றுவது.
சாவி, கைபேசி, பெல்ட்,
துப்பட்டாவின் இரண்டு ஊக்கு.
ஊக்குகளை டிபன் மூடியில் போட்டு
சீட்டுக்கடியில் தள்ளிவிட்டுத்
தோளில் துணியை முடிச்சிட்டுக்கொள்கிறேன்.
ஆடிமாதக் கச்சான் காற்றுக்கு
முடிச்சு அவிழ்ப்பதைவிட வேறு வேலையில்லை.

காந்தமானிக்குச் சந்தேகப் புத்தி.
பக்கத்தில் ஒரு குண்டூசி நின்றாலும்
குழாய்க்கு என்னவோ ஆகிவிட்டது என்று அலறும்.
சாத்தையா முள் வெட்டிக்கொண்டு
அறுபதடி முன்னால் போவது அதனால்தான்.
அவர் அரிவாளை அதற்கு ஆகாது.

வாலிநோக்கம் போகிற பாதையில்
உப்பளத்துக்கும் உடைங்காட்டுக்கும் நடுவே
ஒன்றரை மீட்டர் ஆழத்தில் எரிவாயு போகிறது.
அடையாளத்துக்கு மஞ்சள் குத்துக்கல்;
அதில் ஆடுகள் முதுகு சொறிகின்றன.

இரும்புக்கு வலித்தால்
பூமியின் காந்தம் அந்த இடத்தில் சற்றுக் கோணும்.
அவ்வளவுதான் விஷயம்.
தோண்டாமல் அந்தக் கோணலைத் தேடி
நடப்பதற்கு எனக்குச் சம்பளம்.

பதினாலாவது கிலோமீட்டர்,
முன்னூற்றிருபதாவது மீட்டர்.
திரையில் கோடு எகிறியது.
நிமிர்ந்தால் புகை.
குழாய்த் தடத்தின் மேலேயே
ஆள் உயரக் கரிமூட்டம்.
கருவிக்குள் எட்டிப் பார்த்தபடி முத்துராக்கு,
தாலிக்கயிற்றில் கொத்தாய் ஏழெட்டு ஊக்கு.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க ஊக்கு..."

"ஊக்கு ஒன்ன என்ன செஞ்சிச்சு?"

ஆனாலும் போனாள், ஒற்றைப் பனை வரைக்கும்.
கோடு பாதி இறங்கியது.
பாதி இறங்கவில்லை.

மூட்டத்தின் ஓரமாய்க் கணுக்கால் சுட
இன்னொரு முறை நடந்தேன்.
இன்னொரு முறை.

"அஞ்சு நாள் குடு.
பொகை வெள்ளையா இருக்கு பாரு, நீலமாத் திரும்பணும்.
இப்ப அமத்துனா கட்டையுமில்ல, கரியுமில்ல."

ஜீப்புக்கு ஓடி போன் எடுத்தேன்.
கேஸ் லைன் மேல நெருப்பா, இன்னைக்கே அணைங்க
என்றார் மேலதிகாரி.
அவர் சொன்னது சரி.
அதுதான் கஷ்டம்.

புகை ஓட்டைகளை ஈரமண்ணால் அப்பினோம்.
மண் குழைத்தது அவள் குடிக்க வாங்கி வைத்திருந்த லாரித் தண்ணீர்,
பதினோரு குடம்.
நான் எண்ணினேன். அவள் எண்ணவில்லை.

மூன்றாம் நாள்
சூடு தணிந்ததும் கையாலேயே தோண்டினோம்.
மேலுறை பிய்ந்து
இரும்பு சொறி பிடித்திருந்தது.
கம்பியால் சுரண்டி ஈரத்துணியால் துடைத்தால்
கட்டைவிரல் நகமளவு பள்ளம்.
அங்கே சுவரில் மிச்சம் மூன்று மில்லிமீட்டர்.
அலை இங்கே வருவதில்லை,
உப்பு வந்திருக்கிறது.

முத்துராக்கு குழிக்குள் குனிந்தாள்.
"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான்."

இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தால் என்று தொடங்கினேன்.
அவள் திரும்பிப் போய்விட்டாள்.
பிரித்த மூட்டத்தின் முன் குந்தி
ஒவ்வொரு கட்டையாய் எடுத்து
இன்னொரு கட்டையால் தட்டினாள்.
வெந்த கரி கிணுங்கும்.
வேகாதது தொம் என்கும்.
கேட்டுக் கேட்டு
இரண்டு குவியலாய்ப் போட்டாள்.
குழாய்க்கு உறை சுற்றி முடிக்கும்வரை
எனக்குக் கேட்டதெல்லாம்
தொம், தொம், தொம்,
எப்போதாவது ஒரு கிணுக்.

நஷ்ட ஈட்டுத் தாளில்
நான் எழுதிய மூட்டைக் கணக்கும்
அவள் சொன்ன மூட்டைக் கணக்கும் ஒக்கவில்லை.
அவள் சொன்னதை எழுதினேன்.
அனுமதி இல்லாத இடத்தில் மூட்டம் என்று
அதை அடித்துவிடுவார்கள் என்பதைச் சொல்லவில்லை.

கைநாட்டுக்கு மை தேவைப்படவில்லை.

கிளம்பும்போது காற்று
துப்பட்டாவை உருவிப் போய் முள்ளில் மாட்டியது.
எடுத்து முடிச்சிட்டேன். அவிழ்ந்தது.
முத்துராக்கு தாலிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றி,
கையில் தராமல்
வெட்டிப் போட்ட மண்மேட்டில் வைத்தாள்.

"முடிச்சு நிக்காது."

மறுநாள், பதினைந்தாவது கிலோமீட்டர்.
டிபன் மூடியில்
மூன்று ஊக்கு.
ஒன்றில் கரி.